மஸ்னவியை நாடி பிடித்துப் படிப்பது எப்படி

முதலில் என் பழைய நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாரசீகம் கற்கத் தொடங்கிய மூன்றாவது வருடத்தில் போட்டது. பக்கத்துக்கு ஒரு பாரசீகக் காவியக் கதாபாத்திரம், எதிரே ஒரு நோய். மஜ்னூனுக்குத் தீவிர மனச்சோர்வு. ருஸ்தமுக்குத் தன்மோகம். கைகாவூஸ் ராஜாவுக்கு, நினைத்ததை நினைத்த நிமிடமே செய்துவிடும் கோளாறு. வெள்ளை முடியோடு பிறந்த குற்றத்துக்காக அப்பனால் மலையில் விடப்பட்டு, சீமுர்க் பறவையின் கூட்டில் வளர்ந்த ஸாலுக்கு, பாதுகாப்பற்ற பற்றுறவு. பல வருடம் உளவியல் ஆலோசகராக உட்கார்ந்து பழகிய கை. எதைப் பார்த்தாலும் ஒரு பெயர் வைக்காமல் நிற்காது.

எனக்குப் பாடம் சொன்னவர் இஸ்ஃபஹானில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கானூம் என்றுதான் கூப்பிடுவேன், பாரசீகத்தில் மேடம் என்பது போல. நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார். "எல்லோருக்கும் மருந்துச்சீட்டு எழுதிவிட்டாய். ஸால் கதையைப் படித்தபோது அழுதாயே, அதை எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார்.

எழுதவில்லை. கதாபாத்திரத்துக்கு நோய்ப்பெயர் வைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பெயர் வைத்ததும் கதை தீர்ந்துபோன மாதிரி இருக்கும், நாம் மெல்ல நழுவிவிடலாம். அந்த நோட்டை மூடி வைத்த பிறகு, மஸ்னவியையும் மற்ற பாரசீகக் காவியங்களையும் படிக்க நான் கற்றுக்கொண்ட முறைதான் கீழே இருப்பது. உளவியல் கருவிகள் எல்லாம் இதிலும் உண்டு. அவற்றை நீட்டுவது மட்டும் படிக்கிறவரின் பக்கமாக.

முள்ளைத் தேடும் விதம்

மஸ்னவியின் முதல் கதையே இதற்கான பாடம்தான். 13ஆம் நூற்றாண்டில் கொன்யாவில் ஜலாலுத்தீன் ரூமி சொல்லச் சொல்ல சீடர் ஹுசாமுத்தீன் எழுதிக்கொண்ட நூல். ஆறு பாகம், சுமார் 25,000 ஈரடிகள். புல்லாங்குழலின் புலம்பலோடு தொடங்கி, சட்டென்று ஒரு ராஜா கதைக்குள் போய்விடும்.

ராஜா ஒரு அடிமைப் பெண்ணைப் பார்த்து மயங்கி விலைக்கு வாங்குகிறான். வாங்கிய கையோடு அவள் நோயில் விழுகிறாள். அரண்மனை வைத்தியர்களின் மருந்தெல்லாம் எதிர்மாறாக வேலை செய்கிறது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு வைத்தியர் வருகிறார். அறையிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். உனக்கு எந்த ஊர்? அங்கே யார் யார் உறவு? அதற்கு முன் எந்த ஊரில் இருந்தாய்? சாவகாசமாக, கதை கேட்பது போலக் கேட்கிறார். காது அவள் பேச்சில், விரல் அவள் நாடியில். ஊர் ஊராகப் போகிறது, நாடி ஒரே சீராக ஓடுகிறது. சமர்கந்து என்ற பெயர் வந்ததும் துள்ளுகிறது. முகம் சிவந்து வெளுக்கிறது. அங்கே ஒரு பொற்கொல்லன். அவன் வீடு எந்தப் பக்கம்? பாலத்து முனை, காத்ஃபர் தெரு.

தெருப்பெயர் வரைக்கும் கேட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது.

இதற்குச் சற்று முன்னால் ரூமி ஒரு காட்சி வைத்திருக்கிறார். காலில் முள் தைத்தவன் பாதத்தை எடுத்து முழங்கால் மேல் போட்டுக்கொள்கிறான். ஊசி முனையால் முள்ளின் தலையைத் தேடுகிறான். அகப்படாவிட்டால் உதட்டு ஈரத்தால் அந்த இடத்தை நனைக்கிறான். காலில் தைத்ததே இவ்வளவு கஷ்டம் என்றால் நெஞ்சில் தைத்தது எப்படி அகப்படும் என்று கேட்கிறார். கூடவே ஒரு கழுதையையும் கொண்டுவருகிறார். யாரோ அதன் வாலுக்கடியில் முள்ளைச் செருகிவிட்டார்கள். எடுக்கத் தெரியாமல் அது துள்ளுகிறது, துள்ளத் துள்ள முள் உள்ளே போகிறது. அவசர வாசகன் அந்தக் கழுதை. நானும் அதுவாக இருந்திருக்கிறேன்.

பெயரைச் சொல்லி நாடியைப் பார்க்கும் இந்த உத்தி ரூமியின் கற்பனை கிடையாது. அவருக்கு இருநூறு வருடம் முன்பே இப்னு சீனா காதல் நோயைக் கண்டுபிடிக்க இதே வழியை வைத்திய நூலில் எழுதியிருக்கிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜூரிச்சில் மனநல மருத்துவர் கார்ல் யுங் கிட்டத்தட்ட இதையே ஸ்டாப்வாட்சோடு செய்தார். நூறு சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்பவர் மனதில் முதலில் தோன்றும் சொல்லைச் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பதில் தாமதமாகிறதோ, தடுமாறுகிறதோ, அங்கே உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்.

இதை வாசிப்புக்கு இப்படிக் கொண்டுவரலாம். ஒரு நாளைக்கு 30 ஈரடிக்கு மேல் வேண்டாம். முதல் தடவை வாய்விட்டுப் படியுங்கள். மொழிபெயர்ப்பாக இருந்தாலும் வாய்விட்டுத்தான், கண்ணால் மேய்ந்தால் தடுக்கல் தெரியாது. இரண்டாவது தடவை கையில் பென்சில். எங்கே குரல் இடறியதோ, எங்கே கண் வரியைத் தாண்டி ஓடியதோ, எங்கே கொட்டாவி வந்ததோ, எங்கே எரிச்சல் வந்ததோ, அங்கே ஓரத்தில் ஒரு புள்ளி. புள்ளி மட்டும்தான். குறிப்பு எழுத ஆரம்பித்தால் மறுபடி மருந்துச்சீட்டுதான் வரும். கொட்டாவியை லேசாக விடாதீர்கள். எனக்கு நிஜமாகவே சங்கடமான இடங்களில் கோபத்தைவிடத் தூக்கம்தான் முதலில் வந்திருக்கிறது.

மறுநாள் புள்ளி இருக்கும் இடத்துக்கு மட்டும் திரும்பி, வைத்தியர் ஊர் ஊராகக் கேட்டது போல உங்களையே கேளுங்கள். இந்த வரியில் எந்தச் சொல்? அந்தச் சொல்லை யார் வாயிலிருந்து கேட்டுப் பழக்கம்? அது எந்த வீடு, எந்த அறை? தெருப்பெயர் வரும்வரை விடாதீர்கள். 'எனக்குப் பிரிவு என்றால் பயம்' என்பது ஊர்ப்பெயர்கூட இல்லை, வெறும் நாட்டின் பெயர்.

இந்தக் கதையில் என் புள்ளி விழுந்த இடம் முடிவு. பொற்கொல்லனைப் பொன்னும் பட்டும் காட்டி வரவழைக்கிறார்கள். அவளை அவனுக்கே கொடுக்கிறார்கள். ஆறு மாதம் சேர்ந்து வாழ்கிறார்கள், அவள் உடம்பு தேறிவிடுகிறது. பிறகு அதே வைத்தியர் அவனுக்கு ஒரு பானம் கலந்து கொடுக்கிறார். அவன் அழகு கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது, அவள் காதலும் வடிகிறது, அவன் சாகிறான். முதல் வாசிப்பில் நான் இதை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டேன். பொற்கொல்லன் என்றால் உலக ஆசை, ராஜா என்றால் ஆன்மா என்று உரை சொல்லிக்கொடுத்துவிட்டது. வலிக்கிற இடத்தில் விளக்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்வதை உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃப்ராய்டு 1936இலேயே தற்காப்பு உத்திகளில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார். உருவகத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, ரூமி அதற்காகத்தான் எழுதினார். ஆனால் ஒரு நாள் முழுக்க அவனைச் செத்த மனிதனாகவே வைத்திருந்து, அப்புறம் உருவகத்துக்குப் போங்கள். ரூமியே அங்கே நிம்மதியாகக் கடந்துபோகவில்லை. குர்ஆன் கதையில் வரும் ஞானி ஹிஸ்ர் ஒரு சிறுவனைக் கொன்றதை எல்லாம் இழுத்து, பல ஈரடிகளுக்கு நியாயம் சொல்கிறார். வாசகன் முகம் சுளிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெட்டி எடுத்த கவிதையை வீட்டோடு சேர்ப்பது

மனம் ஒரு விருந்தினர் விடுதி, வருகிற உணர்ச்சி எல்லாவற்றையும் வாசலில் நின்று வரவேற்றுக்கொள் என்று ரூமி பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கவிதை சுற்றுகிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். மைண்ட்ஃபுல்னெஸ் சார்ந்த சிகிச்சை வகுப்புகளில் படித்துக்காட்டுவார்கள். நானும் காட்டினேன், ஆலோசனை அறையில், பெரிய துக்கத்தோடு வந்த ஒரு பெண்மணிக்கு. அவர் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இது விருந்தாளியா மேடம்? இது என் கழுத்துல கட்டின கல்லு," என்றார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அன்றைக்கு ராத்திரி மூலத்தை எடுத்தேன். ஐந்தாம் பாகம். முதலில் கண்ணில் பட்டது தலைப்பு. அங்கே விருந்தாளிகள் என்று சொல்லப்படுவது 'அந்தீஷா', அதாவது எண்ணங்கள். உணர்ச்சி என்பது பின்னால் ஏறியது. உடம்பு ஒரு விருந்தினர் வீடு, காலைதோறும் புதிதாக ஒரு விருந்தாளி ஓடி வருகிறான் என்று தொடங்குகிறது. அடுத்தது என்ன தெரியுமா? 'இது என் கழுத்தில் தங்கிவிட்டது என்று சொல்லாதே'. கழுத்து! அந்தப் பெண்மணி சொன்ன அதே இடம்.

அதை ஒட்டியே ஒரு கதையும் வருகிறது. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறான். இரண்டு படுக்கை போடச் சொல்லிவிட்டு, எது யாருக்கு என்பதையும் கணவன் மனைவியிடம் சொல்லிவைக்கிறான். மனைவி போட்டுவிட்டு அக்கம்பக்கத்து விசேஷத்துக்குப் போய்விடுகிறாள். விருந்தாளி பேசிக்கொண்டே தூக்கக் கலக்கத்தில் படுக்கை மாறிப் படுத்துவிடுகிறான். கணவனுக்குச் சொல்லக் கூச்சம். இரவில் திரும்பிய மனைவி, இருட்டில் கணவன் என்று நினைத்து அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் பயந்தபடியே ஆகிவிட்டது, மழையும் சேறுமாகிவிட்டது, இந்த ஆள் இனி நம் கழுத்தைவிட்டுப் போகமாட்டான் என்கிறாள். விருந்தாளி துள்ளி எழுகிறான். விடு அம்மா, என்னிடம் பூட்ஸ் இருக்கிறது, சேற்றைப் பற்றிக் கவலையில்லை என்று கிளம்பிவிடுகிறான். அவள் கெஞ்சியும் நிற்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் துக்க உடை போட்டுக்கொண்டு, வீட்டையே விருந்தினர் விடுதியாக மாற்றுகிறார்கள்.

ஆக, அந்த விடுதி வரவேற்பில் தொடங்கியது கிடையாது. முணுமுணுப்பில், கூச்சத்தில், வாய் தவறிய ஒரு சொல்லில் தொடங்கியது. மழையும் சேறும் பூட்ஸும் இல்லாமல் நான் நீட்டிய காகிதம் அந்தப் பெண்மணிக்குக் கட்டளையாகக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

எனவே பாரசீகக் கவிதை வரி எதையாவது எங்கேயாவது தனியாகப் பார்த்தால், முன்னால் 50 ஈரடி, பின்னால் 50 ஈரடி தேடிப் படியுங்கள். மஸ்னவிக்கு ரெய்னால்ட் நிக்கல்சனின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. நடை கொஞ்சம் மரக்கட்டை, ஆனால் எதையும் விழுங்காது. வரி எண்ணும் போட்டிருப்பார். தேடியும் இடம் அகப்படாத 'ரூமி வரி' என்றால் அதை மனதுக்குள் சந்தேகக் கணக்கில் வையுங்கள்.

'மட்டும்' பட்டியல்

ஷாநாமாவுக்கு வேறு கருவி. ஃபிர்தௌசி 1010 வாக்கில் முடித்த, சுமார் 50,000 ஈரடி கொண்ட, ஈரானிய ராஜாக்கள் கதைக் கடல் அது. எல்லோரும் முதலில் போவது ருஸ்தம்–சொஹ்ராப் கதைக்கு. அப்பன் ருஸ்தம், எதிர்ப்படையோடு வந்த மகன் சொஹ்ராபை யாரென்று தெரியாமலே கொல்கிறான் என்றதும், அப்பனைக் கொன்ற கிரேக்க ஈடிபஸைத் தலைகீழாகப் போட்டுக் கட்டுரை எழுதக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

பெரிய இழப்புக்குப் பின் மனம் 'அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்' என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். துக்கத்தில் இருப்பவர்களிடம் நாங்கள் தினமும் கேட்பது இதைத்தான். கதையைப் படித்து முடித்ததும் அந்த 'மட்டும்'களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், அவருக்கு என்ன தெரியும், ஏன் வாய் திறக்கவில்லை என்று மூன்று விஷயம்.

அப்பனை அடையாளம் காட்ட, சொஹ்ராபின் அம்மா தஹ்மீனா மகனோடு கூட அனுப்பியவன் ஜெந்தே ரஸ்ம். மாறுவேடத்தில் உளவு பார்க்க வந்த ருஸ்தம், அவன் யாரென்று தெரியாமலே இருட்டில் ஒரே குத்தில் கொன்றுவிடுகிறான். அடுத்து, சிறைப்பட்ட ஈரானிய வீரன் ஹெஜீர். சொஹ்ராப் மேட்டில் நின்று ஒவ்வொரு கூடாரமாகக் காட்டி யாருடையது என்று கேட்கிறான். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், பச்சைக் கூடாரத்துக்கு மட்டும், சீனாவிலிருந்து புதிதாக வந்த யாரோ, பெயர் தெரியாது என்கிறான். சொன்னால் இந்தப் பையன் ருஸ்தமைக் கொன்றுவிடுவான் என்ற பயம். விசுவாசத்தால் சொன்ன பொய். பிறகு ருஸ்தமே. நீதானே ருஸ்தம் என்று மகன் ஆசையாகக் கேட்கும்போது, நான் ருஸ்தம் இல்லை, அவன் பெரிய வீரன், நான் சின்ன ஆள் என்கிறான். மல்யுத்தத்தில் விழுந்து மார்பில் கத்தி வந்தபோது, முதல் தடவை விழுந்தவனைக் கொல்வது எங்கள் வழக்கமில்லை என்று பொய் சொல்லித் தப்பிக்கிறான். மறுமுறை மகன் விழுந்ததும் தாமதமே இல்லை. அப்பன் அடையாளமாக விட்டுப்போன மணி மகன் கையில் கட்டியிருப்பது தெரிந்த பிறகு, ராஜா கைகாவூஸிடம் இருக்கும் உயிர்காக்கும் மருந்தைக் கேட்டு ஆள் போகிறது. மகனும் பிழைத்தால் ருஸ்தமை யார் அடக்குவது என்று ராஜா கொடுக்க மறுக்கிறான். அந்த மருந்தின் பெயர் நோஷ்தாரு. 'சொஹ்ராப் செத்தபின் நோஷ்தாரு' என்று ஈரானில் இன்றும் பழமொழி. நாம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்போம்.

பட்டியலை எழுதி முடித்தால் ஒன்று தட்டுப்படும். ஒருவருக்கும் முழு விஷயமும் தெரியாது. மறைத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், சிலருடையது நல்ல காரணம்கூட. இப்போது அந்தப் பட்டியலில் எந்த 'மட்டும்' உங்களுக்கு அதிகம் எரிகிறது என்று பாருங்கள். அங்கே ஒரு புள்ளி.

ஒரு எச்சரிக்கை. ஃபிர்தௌசியும் மகனைப் பறிகொடுத்தவர். தனக்கு 65 வயதில், 37 வயது மகன் போனதைப் புலம்பியிருக்கிறார். உடனே இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். அந்தப் புலம்பல் நூலின் பின்பகுதியில், குஸ்ரோ பர்வேஸின் ஆட்சிக் கதைக்கு நடுவே வருகிறது. கவிஞரின் வாழ்க்கையை வைத்துக் கதையைத் திறக்கும் சாவி பெரும்பாலும் வேறு பூட்டுக்கு உரியது.

மற்றவர்களுக்குச் சுருக்கமாக

நிஷாபூரின் அத்தார் எழுதிய பறவைகளின் காவியத்தைச் சாக்குப்போக்குப் பட்டியலாகப் படியுங்கள். நம் அரசன் சீமுர்க்கைத் தேடிப் போகலாம் என்று மற்றப் பறவைகளைக் கொண்டலாத்தி அழைக்கிறது. புல்புல் ரோஜாவைக் காரணம் சொல்கிறது, வாத்து தண்ணீரை, ஆந்தை பாழ்மனைப் புதையலை. எனக்குப் பிடித்தது நாரை. கடற்கரையிலேயே தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். குடித்தால் கடலில் ஒரு துளி குறைந்துவிடுமே என்ற கவலை. அறிதிறன் சிகிச்சையில் எண்ணக் குறிப்பேடு என்று ஒன்று கொடுப்போம்: வந்த எண்ணம், அதற்கு அடியில் இருக்கும் பயம், அதற்கு மாற்று. ஒவ்வொரு பறவைக்கும் அதை நிரப்பி, கடைசியில் உங்கள் பெயருக்கும் ஒரு வரி நிரப்புங்கள். கொண்டலாத்தி தொழில்முறையில் மோசமான ஆலோசகர் என்பது என் கருத்து. சாக்குச் சொன்னதும் எதிர்வாதம் செய்கிறது. வாதாடினால் எதிர்ப்புதான் கூடும் என்று 1983 முதல் உளவியலாளர் வில்லியம் மில்லர் சொல்லிவருகிறார். ஆனாலும் பறவைகள் கிளம்புகின்றன. அது எப்படி என்று யோசிப்பதே நல்ல பயிற்சி.

ஷேக் சஅதியின் குலிஸ்தானை (1258) காகிதத்தால் மூடிப் படியுங்கள். குட்டி உரைநடைக் கதை, பின்னாலேயே நீதி சொல்லும் செய்யுள். செய்யுளை மூடிவைத்து, நீதியை நீங்கள் எழுதிவிட்டுத் திறந்து பாருங்கள். கப்பலில் பயந்து அலறும் ஒரு அடிமைப் பையனை, ஓர் அறிஞர் சொன்னபடி கடலில் தூக்கிப் போட்டு நாலு முங்கு முங்கியதும் இழுத்துப் போடுகிறார்கள். பையன் மூலையில் போய் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறான். 'அச்சமூட்டுவதை எதிர்கொள்ளும் சிகிச்சை' என்று என் நோட்டில் பெருமையாக எழுதியிருந்தேன். சஅதி சொல்வது வேறு: மூழ்கப் பார்த்தவனுக்குத்தான் கப்பலின் அருமை தெரியும். பயம் போனதாக அவர் சொல்லவே இல்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம்.

கஸல் என்ற காதல் பாட்டு வடிவத்துக்குப் பேர்போன கவிஞர் ஹாஃபிஸ் விஷயத்தில் ஈரானியர்களே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வருடத்தின் மிக நீண்ட இரவான யல்தாவில் மனதில் ஒன்றை நினைத்து, திவான் என்ற அவர் கவிதைத் தொகுப்பைக் கண்ணை மூடித் திறந்து, வந்த கஸலைப் பலனாகப் படிப்பார்கள். ஷீராஸில் அவர் சமாதி அருகே குட்டிப் பறவை அலகால் எடுத்துத் தரும் சீட்டில்கூட அவர் வரி இருக்கும். மைக்கறைகளைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டு, 1921இல் மனநல மருத்துவர் ரோர்ஷாக் செய்ததை இவர்கள் கஸலை வைத்துச் செய்கிறார்கள். செய்துபாருங்கள், ஆனால் திறக்கும் முன் உங்கள் கேள்வியையும் அன்றைய மனநிலையையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே கஸலை வேறு மனநிலையில் படியுங்கள். 1948இல் உளவியலாளர் ஃபோரர் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரத்தைத் தனித்தனியாக எழுதியது போலக் கொடுக்க, அவர்கள் அதன் துல்லியத்துக்கு 5க்கு 4க்கு மேல் சராசரி மதிப்பெண் போட்டார்கள். 'எனக்கென்றே எழுதியது போல இருக்கிறது' என்று தோன்றும்போது அதை நினைவில் வையுங்கள்.

தமிழில் படிப்பவர்களுக்கு ஹாஃபிஸில் இன்னொரு இடறல். பாரசீகத்தில் 'ஊ' என்றால் அவன், அவள் இரண்டும்தான். வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்காது. தமிழிலோ, மரியாதைக்கு 'வந்தார்' போடாவிட்டால், 'வந்தான்', 'வந்தாள்' என்று முடித்தே ஆக வேண்டும். மொழிபெயர்த்தவர் ஒன்றைத் தேர்ந்துவிட்டார், நீங்கள் அதை அறியாமலே வாங்கிக்கொண்டீர்கள். ஒரு கஸலை எடுத்து விகுதிகளை மாற்றிப் போட்டுப் படியுங்கள். எங்கே கூச்சம் வருகிறதோ, பென்சில்.

கானூம் போன வருடம் தன் ஷாநாமாவை எனக்குக் கொடுத்துவிட்டார். அட்டை கழன்று, நூல் தெரிகிறது. ஓரங்களில் எழுத்தே இல்லை, வெறும் புள்ளிகள். சொஹ்ராப் கதையில் அவருடைய புள்ளி ஒன்றே ஒன்றுதான். குத்துப்பட்ட இடத்தில் இல்லை, மருந்து மறுக்கப்பட்ட இடத்திலும் இல்லை. ஹெஜீர் பச்சைக் கூடாரத்தைப் பார்த்து, பெயர் தெரியாது என்று சொல்லும் வரியில், பென்சில் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி வைத்த புள்ளி. நான் அவரிடம் கேட்கவில்லை.